ரயில்வே கேட்டில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடலூர் பக்கம் மினி லாரி ஓட்டுகிறேன். 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்த பிறகு, கேட் திறந்தே இருந்தாலும் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தண்டவாளத்தில் ஏற்றுகிறேன். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பார், எடுக்கட்டும். போன மழைக்காலத்தில் விடியற்காலை நேரம், ஒரு கிராமத்துக் கேட் மேலே தூக்கி நிற்கிறது, பின்னால் டவுன் பஸ், டிரைவர் தலையை நீட்டி "என்னய்யா தூங்கிட்டியா" என்று கத்துகிறார். இறங்கிப் பார்த்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் வெளிச்சம். கேட் கீப்பர் ஓடி வந்து கேட்டை இறக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

பலருக்கு இது தெரியாது: எல்லா கேட்டும் ஒன்றல்ல. இன்டர்லாக் கேட் என்றால் அதை மூடிப் பூட்டாமல் ரயிலுக்கு சிக்னல் விழாது. விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட்டில் அது இல்லை. அப்படிப்பட்ட கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் போட்டு ரயில் வருகிறது என்பார், கேட் கீப்பர் மூட வேண்டும், இருவரும் ரகசிய எண்ணைப் பரிமாறிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நம் உயிர் அந்த போனில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு இன்டர்லாக் வைப்பதற்கான வரம்பை 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைப்பதாக ரயில்வே அமைச்சர் அறிவித்தார். ஒரு நாளில் போகும் ரயில்களை வண்டிகளோடு பெருக்கி வரும் கணக்கு அது. 25 ரயில் ஓடும் பாதை என்றால் 400 வண்டியாவது கடக்க வேண்டும். மாட்டு வண்டியும் டிராக்டரும் போகிற நம்ம ஊர் கேட்டுக்கு அந்தக் கணக்கு எப்போது எட்டுவது?

-----

அண்ணே சொன்னது சரி. நான் கரும்பு டிராக்டர். எங்களுக்குப் பயம் வேறு மாதிரி. தண்டவாளம் மேடாக இருக்கும், ஏறும்போது கியர் மாற்றினால் நடுவில் நின்றுவிடும். அதனால் கீழேயே ஃபர்ஸ்ட் கியர் போட்டு, அந்தப் பக்கம் டிரெய்லர் முழுவதும் இறங்க இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுவேன். ஒரு தடவை எனக்கு முன்னால் போன வண்டி அச்சு முறிந்து தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. எல்லாரும் தள்ளத்தான் ஓடினார்கள், ஒரு பெரியவர் மட்டும் "முதல்ல கேட் கீப்பர்கிட்ட சொல்லுங்கடா" என்று விரட்டினார். ரயிலை நிறுத்த வைக்க வழி தெரிந்தவர் கேட் கீப்பர்தானே. வேகத்தில் வருகிற ரயில் பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும்.

-----

பள்ளி வேன் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. ஆளில்லாத கேட்டில் கண்டக்டரோ உதவியாளரோ இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆம் பிரிவே சொல்கிறது. அகல ரயில்பாதையில் (பிராட் கேஜ்) ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரியோடு முடிந்தன. ஆனாலும் எங்கள் வேன் ஆயம்மா ஆள் இருக்கிற கேட்டிலும் இறங்கிப் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு அது தினசரி வேடிக்கை.

-----

கேட்டை எடுத்துவிட்டு சப்வே போட்ட ஊர்க்காரன் நான். ரயில் பயம் போனது, தண்ணீர் பயம் வந்தது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சப்வேயில் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி ஒரு டாக்டர் இறந்தாரே, அதே கதைதான் எங்கும். சுவரில் ஆழம் காட்டும் அளவுகோல் வரைந்திருந்தாலாவது எங்கே திரும்புவது என்று தெரியும். எங்கள் ஊரில் அதுவும் இல்லை. மழை பெய்தால் சுற்றுவழிதான், டீசல் செலவு நம் தலையில்.