பொருள்: ‘ஃபோர்சிங்’கிற்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மேனிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். புவியின் ஆற்றல் வரவு செலவைப் பற்றிய பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ‘ரேடியேட்டிவ் ஃபோர்சிங்’ என்ற ஒரே இடத்தில் நான்கு நாளாக நிற்கிறேன்.

கருத்து இதுதான். காற்று மண்டலத்துக்கு மேலே, சூரியனுக்கு நேர்முகமாக நிற்கும் ஒரு சதுர மீட்டரில் 1361 வாட் விழுகிறது. உருண்டையான புவியின் பரப்பு முழுவதற்கும் பகிர்ந்தால் அதில் கால்பங்கு, 340 வாட். முகிலும் பனியும் மணலும் ஏறக்குறைய 100 வாட்டைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 உள்ளே தங்குகிறது. அதே அளவு அகச்சிவப்புக் கதிராக வெளியே போனால் கணக்கு நேர். கரியமில வாயு கூடினால் செலவு தடைப்படுகிறது. எரிமலைப் புகைமூட்டம் பரவினால் வரவு குறைகிறது. புவி தன் வெப்பநிலையை மாற்றி ஈடுகொடுக்கத் தொடங்கும் முன், வெளிக்காரணம் ஒன்று இந்தக் கணக்கில் உண்டாக்கும் வேறுபாடே ஃபோர்சிங். அலகு சதுர மீட்டருக்கு இத்தனை வாட், நியூட்டன் அல்ல. ஆகவே ‘விசை’ மட்டும் வேண்டாம்.

* * *

மூன்று நாளில் 26 மடல்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். விடுபட்டவர்கள் பொறுத்தருளவேண்டும்.

> வலிந்து செய்வதுதானே ஃபோர்சிங்? ‘கதிர்வீச்சுத் திணிப்பு’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

தமிழ்நாட்டில் அந்தச் சொல்லை 1938-இலிருந்தும் 1965-இலிருந்தும் பிரித்தெடுக்க முடியாது. வகுப்பில் ‘திணிப்பு’ என்றதும் பிள்ளைகளின் மனம் இந்திக்குப் போகுமே தவிர, கரியமில வாயுவுக்கு வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பியடித்து உலகையே அரைப் பாகை அளவுக்குக் குளிரவைத்தன. அதுவும் ஃபோர்சிங்தான், எதிர்க்குறியோடு. கையிலிருப்பதைப் பறிப்பதற்குத் திணிப்பு என்று பெயரிட முடியுமா?

இந்தக் குறைக்கு மருந்தாகத் தஞ்சை நண்பர் ‘ஏற்றம், இறக்கம்’ என்ற இணையைத் தந்தார். அங்கிருந்து பேச்சு கிணற்று நீர் இறைக்கும் கவலைக்கும் கமலைக்கும் ஏற்றம் மிதிப்பதற்கும் போய் ஒன்பது மடல் ஓடியது. அந்த ஒன்பதையும் தனியே சேமித்து வைத்திருக்கிறேன். அவ்வளவு நன்றாக இருந்தன. ஆனால் யாழ்ப்பாணத்து ஆசிரியர் சொன்ன தடையை என்னால் தாண்ட முடியவில்லை:

> எங்கள் பாடநூலில் ஏற்றம் என்றால் மின்னேற்றம். உங்கள் அழுத்தம் எங்களுக்கு அமுக்கம், உங்கள் பசுமை இல்லம் எங்களுக்குப் பச்சை வீடு. இருக்கிற பிளவு போதாதா?

‘ஃபோர்சிங்’ என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: விழும் ஒளியில் திருப்பி அனுப்பப்படும் பங்கான ஆல்பிடோவை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது மாணவருக்கு முற்றிலும் புதிய ஒலி. ‘ஃபோர்ஸ்’ அப்படியல்ல. குழாயில் தண்ணீர் ஃபோர்ஸாக வருகிறது என்று வீட்டிலேயே சொல்கிறோம். விசை என்று எழுதினால் வரும் அதே குழப்பம் ஆங்கில உடையில் வரும்.

புலவர் ஐயாவின் மடலுக்கு நேரம் எடுத்துக்கொண்டேன். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்ற குறளில் துலாக்கோலின் இயல்பு ‘ஒருபால் கோடாமை’. அடுத்த குறளிலேயே ‘சொற்கோட்டம்’ வருகிறது. ஆகவே ஒருபக்கம் சாய்வதற்குப் பழந்தமிழ் தந்த பெயர் கோட்டம், கதிர்க்கோட்டம் என்று ஆளுவதே முறை என்கிறார். படித்ததும் சிலிர்த்தது. ஆனால் ஐயா, இன்றைய மாணவருக்குக் கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம். இல்லையென்றால் வருவாய்க் கோட்டம், போக்குவரத்துக் கழகக் கோட்டம். சொல்லின் பழம்பொருளை முதலில் மீட்டு, பிறகு அறிவியலைச் சொல்ல ஒரு பாடவேளை போதாது.

ஆனால் துலாக்கோலை விட மனமில்லை. கோடுதலுக்கு வழக்கிலுள்ள சொல் சாய்தல். அதில் தன்வினையும் பிறவினையும் தெளிவாக நிற்கின்றன: தானே சாய்ந்து நிற்பது சாய்வு, பிறிதொன்று சாய்த்தது சாய்ப்பு. இந்த வேறுபாடுதான் பாடத்தின் உயிர். 1750-ஐ ஒப்பிட, 2019-இல் மனிதச் செயல்கள் உண்டாக்கிய ஃபோர்சிங் சதுர மீட்டருக்கு 2.72 வாட் என்கிறது ஐபிசிசியின், அதாவது பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின், 2021 அறிக்கை. அதே அறிக்கையில், 2006 முதல் 2018 வரை புவியின் கணக்கில் உண்மையிலேயே இருந்த மிகுதி 0.79 வாட்தான். மீதி எங்கே என்று மாணவர் கட்டாயம் கேட்பார். புவி ஏற்கெனவே ஒரு பாகைக்கு மேல் சூடேறி, அந்தச் சூட்டால் கூடுதலாக வெளியே வீசி, பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது. ஈடுகட்டாமல் நிற்கும் 0.79-இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள் இறங்குகிறது. 2.72 சாய்ப்பு, 0.79 சாய்வு. எகர ஏகாரம் போல அருகருகே நின்று ஒன்றையொன்று விளக்கும் இரண்டு சொற்கள். எரிமலையையும் இது ஏற்கும்: குளிர்ப்பக்கச் சாய்ப்பு.

ஒரு கிளைச்செய்தி. ‘ஃபீட்பேக்’கிற்குப் பின்னூட்டம் என்றே வைத்துவிட்டேன். வலைப்பதிவுகளால் அது ‘வாசகர் கருத்து’ ஆகிவிட்டது உண்மைதான். அதனால் ‘நேர்மறைப் பின்னூட்டம்’ என்றால் பாராட்டு மடல் போலக் கேட்கிறது. பனி உருகி, இருண்ட கடல் தெரிந்து, அது மேலும் வெயிலைக் குடிப்பதை ‘பெருக்கும் பின்னூட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

* * *

வியாழன் இரவு.

சாய்ப்புக்கு வந்த மறுப்புகள் நியாயமானவை. சாய்வு என்பது கணிதத்தில் கோட்டின் சரிவு. சாய்ப்பு என்றால் எங்கள் ஊரில் வீட்டையொட்டி இறக்கும் கூரை என்று மூன்று பேர் எழுதினார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். சுவரில் சாய்த்து இறக்குவதால் வந்த பெயர் என்பதால் எனக்கு அது பகையாகத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றுகிறது.

கடைசியில் ‘கதிர்வீச்சு உந்துதல்’ என்பதற்கு ஏழு பேர், சாய்ப்புக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர். உந்துதலுக்கு வாக்களித்த ஏழு பேரில் நால்வர் ‘முடித்துவிடலாமே’ என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். உந்தம் (மொமென்டம்) என்று வேறோர் அளவு அதே மாணவரின் பாடநூலில் இருக்கிறது என்பதை மறுபடியும் பதிவுசெய்கிறேன். புலவர் ஐயா தம் நிலையிலிருந்து அசையவில்லை:

> உந்துதல் இடம்பெயர்ப்பது. இங்கே எதுவும் இடம்பெயரவில்லை, நிறை கோடுகிறது. பெரும்பான்மையால் பொருள் மாறாது. நான் கோட்டம் என்றே எழுதுவேன்.

அவர் சொல்லும் முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. ஆயினும் கையேடு என் ஒருத்தியுடையதல்ல. உந்துதல் என்றே அனுப்புகிறேன். கலைச்சொல் வருகிற முதல் இடத்தில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறேன். எதிர்ப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் தெரிவிக்கவும்:

“வெளிக்காரணம் ஒன்று புவியின் ஆற்றல் துலாவை ஒருபக்கம் சாய்க்கும் அளவு கதிர்வீச்சு உந்துதல் எனப்படும்.”