ஜூ சியாட் ஃப்யூஷன் கடையில் சைவம் நம்பிச் சாப்பிடலாமா?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி. சிங்கப்பூர் ஜூ சியாட் ரோட்டில் பழைய கடைவீடு ஒன்றில் புதிதாக ஒரு ஃப்யூஷன் (பல நாட்டுச் சமையலைக் கலக்கும்) கடை திறந்திருக்கிறார்கள். மெனுவில் லக்சா (தேங்காய்ப்பால் கார நூடுல்ஸ்) சுவையில் பாஸ்தா, ரெண்டாங் (மசாலாவில் வற்றவைத்த இறைச்சி) டாக்கோ, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) ஊற்றிய சீஸ்கேக் என்று என்னென்னவோ இருக்கிறது, பையன் போயே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

சிக்கல் என்னவென்றால், கூட வரப்போவது திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. லக்சாவுக்கான ரெம்பா என்ற மசாலா விழுதிலேயே காய்ந்த இறாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் அரைத்துப் போட்டுவிடுவார்கள், மேலே நாலு துண்டு தாவ்பொக் (பொரித்த டோஃபு) வைத்து சைவம் என்று கொண்டுவந்தால் என்ன பண்ணுவது? அசல் பார்மிசான் சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள், அதையெல்லாம் அத்தையிடம் விளக்க எனக்குத் தைரியம் இல்லை!

அங்கே போனவர்கள் சொல்லுங்கள்: கேட்டால் ரெம்பாவைத் தனியாகச் செய்து தருவார்களா, இல்லை மொத்தமாக அரைத்து வைத்ததுதானா? ரெண்டாங்கில் மாடா கோழியா? அளவு எப்படி, இரண்டு பேர் பங்கிட்டுச் சாப்பிடலாமா? ஏன் கேட்கிறேன் என்றால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறது, 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டால் 10% சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9% ஜிஎஸ்டி, கடைசியில் 119.90.

அப்புறம், மரின் பரேட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வயதானவர் நடக்கிற தூரமா? சனிக்கிழமை இரவுக்கு மேசை பதியணும், சீக்கிரம் சொன்னால் நல்லது.