ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் லீக்கை விட்டுப் போனது எப்படி? அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் தெரிந்தவர்கள் விளக்குங்கள்

பாளை கோல்கீப்பர்:

வணக்கம். நான் கேட்பது நாம் காலால் உதைத்து ஆடுகிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஆட்டம். என் அக்கா மகன் 2023-ல் எம்.எஸ். படிக்க ஓரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்குப் போனான். கோர்வாலிஸ் என்று ஒரு சின்ன ஊர், ஊருக்கு எல்லாமே அந்தக் கல்லூரிதான். அவன் போய் இறங்கிய நேரம் ஊரே இழவு வீடு மாதிரி இருந்ததாம். என்னடா என்று கேட்டால், இவர்கள் ஆடிக்கொண்டிருந்த பேக்-12 என்கிற கான்ஃபரன்ஸ், அதாவது லீக், கலைந்துவிட்டது என்றான். 1915-ல் நாலு கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியதில் இவர்களும் ஒருவர். 2023 ஆகஸ்ட் 4 அன்று மட்டும் ஐந்து கல்லூரிகள் கிளம்பிவிட்டன. கடைசியில் மிஞ்சியது இவர்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும், இரண்டே பேர்.

நான் கல்லூரிக் காலத்தில் வ.உ.சி. மைதானத்தில் கோல் போஸ்ட்டில் நின்றவன். நமக்கு எதிரணி யார் என்பதில் ஒரு குழப்பமும் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரியோ அந்தப் பல்கலைக்கழகத்தின் மற்ற கல்லூரிகளோடு ஆடுவோம், தேர்வானவர்கள் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு கல்லூரி நினைத்தால் லீக்கையே மாற்றிக்கொண்டு போகலாமா? இந்தப் பையன்கள் மோசமாக ஆடியதாகவும் தெரியவில்லை, அதற்கு முந்தின வருஷம் பத்து ஆட்டம் ஜெயித்தார்கள் என்கிறான். அப்புறம் எதற்காக இவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்? எனக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

அம்பை டூ ஒஹாயோ:

அண்ணாச்சி, நான் பதினைந்து வருஷமாகக் கொலம்பஸில் இருக்கிறேன், ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை இந்த ஊரைப் பார்க்க வேண்டும், ஸ்டேடியத்துக்குள் மட்டும் லட்சம் பேருக்கு மேல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்ஃபரன்ஸ் என்பது முதலில் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் ரயிலில் போய் ஆடிவிட்டுத் திரும்புவதற்காகச் சேர்ந்த கூட்டம்தான். அதை மாற்றியது டிவி. 1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஒரு கல்லூரி எத்தனை தடவை வரலாம் என்பதை என்சிஏஏ என்கிற தலைமை அமைப்பே முடிவு செய்தது, எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் இரண்டு வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் கிடையாது. ஒக்லஹோமா, ஜார்ஜியா இரண்டு பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டன. இது ஏகபோகம், செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பு சொன்னது. அன்றைக்கு உரிமை கல்லூரிகளின் கைக்கு வந்தது. தனித்தனியாக விற்பதைவிடச் சேர்ந்து விற்றால் அதிக விலை கிடைக்கும் இல்லையா, அதனால் கான்ஃபரன்ஸ்தான் விற்கிற கடை ஆனது. (நோட்டர் டேம் மட்டும் தனியாகவே என்பிசியோடு ஒப்பந்தம் போட்டு 1991-லிருந்து ஆடுகிறது. அவர்களுக்கு நாடு முழுக்க ரசிகர்கள், அதனால் முடிந்தது.)

நம்ம ஊர் கேபிளை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். 2019-ல் டிராய் விதி வருவதற்கு முன்னால் கேபிள்காரர் தருகிற அத்தனை சேனலுக்கும் சேர்த்துத்தான் நாம் மாசப் பணம் கட்டினோம், பார்க்கிறோமோ இல்லையோ. இங்கேயும் அதேதான். பிக் டென் கான்ஃபரன்ஸ் 2007-ல் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. உறுப்பினர் கல்லூரி இருக்கிற மாநிலம் என்றால் ஒவ்வொரு கேபிள் வீட்டிலிருந்தும் வருகிற கட்டணம் பல மடங்கு கூடும். அதனால்தான் 2014-ல் நியூஜெர்சியிலிருந்து ரட்கர்ஸையும் மேரிலாண்டையும் சேர்த்தார்கள். ரட்கர்ஸ் ஃபுட்பாலில் பெரிய அணியே இல்லை, பக்கத்தில் நியூயார்க் வீடுகள் இருந்தன, அதுதான் அதன் தகுதி. அதே காலத்தில் உங்கள் மருமகனின் பேக்-12 கூட்டாளி யாரும் இல்லாமல் தானே ஒரு சேனல் நடத்தியது, டைரக்டிவி என்கிற பெரிய டிஷ் நிறுவனத்தோடு கடைசி வரை உடன்பாடே வரவில்லை, பல வீடுகளில் அவர்கள் ஆட்டமே தெரியவில்லை. எனக்குக் கேட்டால் சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு கல்லூரிகள், யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும், பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தன. ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு வருஷத்துக்கு 7 பில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 60,000 கோடி ரூபாய். ஐபிஎல் ஐந்து வருஷ உரிமை 48,390 கோடிக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா, வருஷக் கணக்குப் போட்டால் ஐபிஎல்லை ஒட்டி வந்துவிடுகிறது, அதுவும் ஒரே ஒரு கான்ஃபரன்ஸ், ஆடுவது கல்லூரிப் பிள்ளைகள். மீதி இருந்த பேக்-12க்குக் கடைசியாகக் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் பேரம், எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துத் தொகை கூடும் என்கிற மாதிரி. அதை நம்பி உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்கிற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு, ஒரே வெள்ளிக்கிழமையில் முடிந்துவிட்டது. ஓரிகன் ஸ்டேட் என்ன தப்பு செய்தது என்றால் ஒன்றும் இல்லை. சின்ன ஊரில் இருக்கிறது, டிவி வீடுகள் குறைவு.

பாளை கோல்கீப்பர்:

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கேபிள் உதாரணத்தில்தான் எனக்கு விளங்கியது. ஸ்கோர் போர்டைப் பார்த்து முடிவு செய்யவில்லை, வீட்டுக் கதவை எண்ணி முடிவு செய்திருக்கிறார்கள். ஸ்டேடியத்தின் ஒரு பக்கத்தையே இடித்து அந்த வருஷம்தான் புதிதாகக் கட்டித் திறந்திருந்தார்கள் என்று மருமகன் சொன்னான், அந்தக் கடனை யார் அடைப்பது?

பழைய பிடி மாஸ்டர்:

நான் முப்பது வருஷம் கல்லூரியில் பிசிகல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க ஆட்டத்தின் விதி எனக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போவது என்றால் என்ன என்று தெரியும். தென்மண்டலப் போட்டிக்கு அன்ரிசர்வ்டு பெட்டியில் உட்கார்ந்து போய், விடியற்காலையில் இறங்கி, பல் தேய்த்துவிட்டு நேரே மைதானத்துக்குப் போயிருக்கிறோம். திரும்பி வந்தால் இன்டர்னல் தேர்வு முடிந்திருக்கும், நான் ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் போய் நிற்பேன். அது வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கே அந்தப் பாடு. இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரி நியூஜெர்சி போய் ஆடினால் ஆகாய வழியில் சுமார் 3,900 கிலோமீட்டர். நெல்லையிலிருந்து ஸ்ரீநகருக்கு நேர்கோடு போட்டாலும் அதைவிட ஆயிரம் கிலோமீட்டர் குறைவு. ஃபுட்பால் அணியாவது சீசனில் சில தடவைதான் போகும், தனி விமானம் இருக்கும். வாலிபால் ஆடுகிற பெண் பிள்ளைகளும் சாக்கர் பையன்களும் வார நாளில் போய் வர வேண்டும், அவர்கள் ஆட்டத்தால் டிவியிலிருந்து பெரிதாகப் பணம் வராத நிலையில். ஃபுட்பாலுக்குப் பொருத்தமான லீக்கை எல்லா விளையாட்டுக்கும் தலையில் கட்டியதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. ஃபுட்பாலை மட்டும் தனி லீக்காகப் பிரித்துவிட்டு மற்றவர்களைப் பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆட விட்டால் என்ன?

இன்னொன்று. ரோஸ் பவுல் என்று ஒரு ஆட்டம், 1947-லிருந்து பசிபிக் கரையோரக் கான்ஃபரன்ஸில் ஜெயித்தவரும் பிக் டென்னில் ஜெயித்தவரும் புத்தாண்டில் மோதுவது வழக்கம் என்று என் பெண் (கலிபோர்னியாவில் இருக்கிறாள்) சொல்லியிருக்கிறாள். நம்ம நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவில் இன்ன நாள் இன்னார் மண்டகப்படி என்று இருக்கிற மாதிரி. அந்த உரிமையில் ஒரு பக்கத்துக்காரர் கலைந்தே போய்விட்டார், அது தேசிய சாம்பியனை முடிவு செய்கிற பிளேஆஃபில் ஒரு கால் இறுதியாகிவிட்டது.

தென்காசி சாரல்:

எல்லோரும் பழைய காலத்துக்காக வருத்தப்படுகிறீர்கள், அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஒரு ஆளை மறந்துவிட்டீர்கள். ஆடுகிறவன். அந்தப் பழைய காலம் முழுக்க அவனுக்குப் படிப்புச் செலவும் தங்கும் இடமும் சாப்பாடும்தான், சம்பளம் என்று ஒரு காசு வாங்கினால் தகுதி போய்விடும். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஒரு கோச்சை வீட்டுக்கு அனுப்பியது, மீதி ஒப்பந்தத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 75 மில்லியன் டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! அந்தப் பணம் யார் முட்டியை உடைத்து வந்தது?

2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அது படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றிய தீர்ப்புதான், ஆனால் அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று வழி விட்டார்கள். 2025 ஜூனில், வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் தந்தார், பழைய வீரர்களுக்கு சுமார் 2.8 பில்லியன் டாலர், இனிமேல் கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குப் பங்கு தரலாம், முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 20.5 மில்லியன். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நான் பள்ளியில் கபடி ஆடியவன், பொங்கல் டோர்னமென்ட்டில் வெளியூர் அணிக்கு ஆடப் போனால் பஸ் காசும் ஒரு பரோட்டாவும் கிடைக்கும், சுழற்கோப்பையும் பரிசுப் பணமும் அணி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போகும். முட்டி போன பிறகு ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை.

பழைய பிடி மாஸ்டர்:

தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். என் பிள்ளைகளும் அப்படித்தான் ஆடினார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ கிடைத்தால் அதுதான் சம்பளம். ஆனால் அந்த 20.5 மில்லியனைக் கொடுக்க யாரால் முடியும்? பெரிய டிவி ஒப்பந்தம் இருக்கிற கல்லூரியால். அப்போது நல்ல பையன்கள் எல்லாம் அங்கே போவார்கள், கோர்வாலிஸ் மாதிரி ஊர் வளர்த்துவிட்ட பையனை அடுத்த வருஷமே தூக்கிக்கொண்டு போவார்கள். வீரனுக்கு நியாயம் கிடைத்தது, ஊருக்குக் கிடைக்கவில்லை.

அம்பை டூ ஒஹாயோ:

இரண்டு பேரும் சொல்வது உண்மை. கூடவே இதையும் பாருங்கள், பணம் வந்ததும் விதி எழுதுகிற கையும் அங்கேயே போய்விட்டது. 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் ஜெயித்து ஏசிசி என்கிற கான்ஃபரன்ஸின் சாம்பியன் ஆனது, ஆனாலும் நாலு அணி பிளேஆஃபில் இடம் இல்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற அவர்களின் குவார்ட்டர்பேக்குக்குக் காயம் என்று காரணம் சொன்னார்கள், ஒரு தோல்வி கண்ட, எஸ்இசி என்கிற கான்ஃபரன்ஸின் சாம்பியன் அலபாமா உள்ளே போனது. 2024-லிருந்து பன்னிரண்டு அணி என்று ஆக்கியது நல்ல விஷயம், அந்த வருஷம் சின்ன கான்ஃபரன்ஸிலிருந்து பாய்ஸி ஸ்டேட் கால் இறுதி வரை வந்தது. ஆனால் பிளேஆஃப் பணத்தைப் பிரிக்கிற ஒப்பந்தத்தில் 2026-லிருந்து எஸ்இசியும் பிக் டென்னும் மட்டும் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். உள்ளே நுழைய மற்றவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் பாவமாக இருக்கும். டல்லாஸில் உள்ள எஸ்எம்யு என்கிற பல்கலைக்கழகம் ஏசிசியில் சேருவதற்காக ஒன்பது வருஷம் டிவி பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது.

அண்ணாச்சி, ஸ்டேடியம் பற்றிக் கேட்டீர்கள். மிஞ்சிய இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை, நீதிமன்றம் போய் பேக்-12 பெயரும் அதன் சொத்தும் தங்கள் கட்டுப்பாட்டில் வரும்படி செய்தார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கிற லீக்காகவே 2024, 2025 இரண்டு சீசனையும் ஓட்டினார்கள். 2026-லிருந்து பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் எல்லாம் சேர்ந்து மறுபடி ஒரு பேக்-12. பழைய பணம் வராது, ஆனால் ஆடுவதற்கு ஒரு லீக் இருக்கும்.

பாளை கோல்கீப்பர்:

ராத்திரி மருமகனுக்குப் போன் போட்டு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஓரிகன் யுனிவர்சிட்டி இவர்களிடமிருந்து நம்ம நாகர்கோவில் தூரம்தான், 1894-லிருந்து இரண்டு பேரும் ஆடுகிறார்கள், நவம்பர் கடைசியில் சீசன் முடிகிற ஆட்டமாக இருந்ததாம். லீக் பிரிந்த பிறகு 2024-ல் அதைச் செப்டம்பர் 14-க்குக் கொண்டுபோய் வைத்தார்கள், வகுப்பே தொடங்கியிருக்கவில்லை. "மாமா, தீபாவளியை ஆடி மாசத்தில் கொண்டாடச் சொன்ன மாதிரி இருந்தது, ஆனாலும் எல்லோரும் வந்திருந்தோம்" என்றான். 49-14 என்று தோற்றார்களாம். புது லீக்கில் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப்போகிறேன் என்றான், நானும் எனக்குப் பங்காக ஒரு டிக்கெட் காசு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.