ஹட்டனில் எம்3 வைத்துக் கட்டுப்படியாகுமா?

வணக்கம் அண்ணாமார். பாவித்த பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 3.2 லீட்டர், ஆறு சிலிண்டர், எஸ்எம்ஜி கியர் (கிளட்ச் மிதி கிடையாது, ஹைட்ரோலிக் அழுத்தத்தில் கிளட்சும் கியரும் தானாக வேலை செய்யும்). சத்தத்தைக் கேட்டாலே அட்வான்ஸ் கொடுக்கக் கை துடிக்கிறது. (வீட்டில் "டொயோட்டா விட்ஸுக்கு என்ன குறை?" என்கிறார்கள், அது வேறு கதை.)

இந்த எஞ்சினில் கொன்ரொட் (பிஸ்டன் தண்டு) பேரிங் தேயும், பின் சப்ஃபிரேம் (பின் சில்லுப் பாகங்களைத் தாங்கும் சட்டம்) பூட்டும் தகட்டில் வெடிப்பு விழும் என்பது தெரியும். எனக்குப் பெரிய பயம் எஸ்எம்ஜிதான். கினிகத்தேனை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்தால் கிளட்ச் என்னாகும்? ஹைட்ரோலிக் பம்ப் போனால் கியரே விழாது. இங்குள்ள மெக்கானிக் பாஸ்மார் ஜப்பான் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள், இதற்குக் கொழும்புக்குத்தான் ஏற்றிப் போக வேண்டும்.

மலைநாட்டில் யாராவது வைத்திருக்கிறீர்களா? வருடச் செலவு உண்மையில் எவ்வளவு? வாங்குமுன் காரைத் தூக்கி அடிப்பாகம் பார்க்க, கண்டிப் பக்கம் நல்ல கராஜ் தெரிந்தாலும் சொல்லுங்கள்.