டெங்குவில் அழற்சி இல்லாத மூளைப் பாதிப்பு: என்ன சொல் இடலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

செவிலியர் கையேட்டின் டெங்கு அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'என்செபலைடிஸ்' மூளையழற்சி, அதில் சிக்கலில்லை. 'என்செபலோபதி'தான் இடிக்கிறது. வைரஸ் மூளைக்குள் புகாமலேயே, ரத்த அழுத்தம் சரிந்தோ, கல்லீரல் செயலிழந்தோ, சோடியம் குறைந்தோ நினைவு மங்கும் நிலை அது. அழற்சி என்றால் பிழை. 'மூளைக்காய்ச்சல்' என்றால் ஆபத்தே: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் பிள்ளை துவண்டுபோகும், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று தாய் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

---

ஐயா,

'மூளைத்திரிபு' என்று இடுங்கள். அழற்சிக்கு வேர் அழல். 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று வள்ளுவர் சுட்டியவற்றுள் வளிக்கு (வாதம்) அடுத்தது அழல் (பித்தம்). அழல் இல்லாத இடத்தில் அழற்சி கூடாது, சரிதான். தொல்காப்பியர் புணரியலில் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் மூன்றையும் திரிபு என்கிறார். கல்லீரல் செயலிழந்தால் ரத்தத்தில் அம்மோனியா மிகுவதும் சோடியம் குன்றுவதும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! நன்னூலாரின் 'விகாரம்' வடசொல், வேண்டாம்.

---

வணக்கம்.

ஐயாவின் இலக்கணத்தில் எனக்கு மறுப்பில்லை. நான் வேலூர்ப் பக்கம் செவிலியர் வகுப்பு எடுக்கிறேன். 1955இல் இந்தியாவில் ஜப்பானிய மூளையழற்சி முதலில் அடையாளம் காணப்பட்டது இங்கேதான். 'திரிபு' என்றதும் பால் திரிந்ததும் புத்தி பேதலித்ததும்தான் மாணவிகளுக்கு நினைவு வரும். பெற்றோர் மனநோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டுத்தான் மருத்துவமனைக்கு வருவார்கள். 'மூளைத் தடுமாற்றம்' போடுங்கள். காரணத்தைச் சீராக்கினால் பலருக்கு நினைவு மீளும். அந்த நம்பிக்கைக்கும் அச்சொல் இடம் தருகிறது.

---

> 'மூளைத் தடுமாற்றம்' போடுங்கள்

அம்மா, தடுமாற்றம் அறிகுறி, நோய்நிலை அன்று. ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் எங்கே தடுமாறுகிறார்? நாளை நரம்புப் பாதிப்பான 'நியூரோபதி'யை நரம்புத் தடுமாற்றம் என்பீர்களா? '-பதி' என்ற ஒரே விகுதிக்கு இடத்துக்கொரு சொல் வைத்தால் அது கலைச்சொல்லே ஆகாது. எளிமைக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்க நான் இசையமாட்டேன்.

---

நண்பர்களே,

எழுதியவர்களில் பெரும்பாலோர் தடுமாற்றத்தின் பக்கம். 'மூளைத் தடுமாற்றம்' என்றே அனுப்புகிறேன். முதன்முறை வரும் இடத்தில் என்செபலோபதி என்பதும் உடனிருக்கும். நியூரோபதி பற்றிய கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஜிகா தொற்றுக்குப் பின் வரும் கியான்-பாரே என்ற நரம்பு நோய் அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. அங்கே உடலின் நோயெதிர்ப்பே நரம்பைத் தாக்குகிறது. அதற்குள் ஐயா பொதுவானதொரு சொல் தந்தால் இரண்டு இடத்திலும் மாற்றிவிடுகிறேன்.