பெல்வியூவில் ஆறு மாதம்: ஒரு டாலர் பஸ்ஸும் பார்க் பெஞ்சும்

2023 மே முதல் வாரத்தில் மதுரையிலிருந்து கிளம்பி, அக்டோபர் கடைசி வரை மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தோம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம், சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூ. எனக்கு அப்போது 66 வயது, வீட்டுக்காரருக்கு 71. "ரெண்டு மாசத்துக்கு மேல தாங்காது, நாலு சுவருக்குள்ள இருக்கணும்" என்று சொல்லித்தான் எல்லோரும் வழியனுப்பினார்கள். முதல் ஐந்து வாரம் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அப்படி இல்லை. எது மாறியது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றி. கோடையில் அவர்களுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை எட்டு என்றால் இங்கே இரவு எட்டரை. கடிகாரம் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும், பகல்தான் ராத்திரியாகியிருக்கும். பத்து நாள் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டி, இருட்டில் ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் இன்னொரு பாடு. ஜூன் கடைசியில் காலை ஐந்தேகாலுக்கே சூரியன் வந்துவிடும், ராத்திரி ஒன்பது மணி தாண்டித்தான் மறையும். சாயங்காலம் விளக்கேற்ற எதை வைத்து நேரம் பார்ப்பது? வெளியே பளிச்சென்று வெயில் அடிக்கும். சரி, வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம், ஊரில் ஏற்றுகிற மாதிரி ஆறரைக்கு ஏற்றுவோம் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வேலை நேரப்படி நடந்ததும் மனசு ஒரு நிலைக்கு வந்தது.

அடுப்படியில் இரண்டு விஷயம் நடந்தது. போன மூன்றாம் நாள், எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டு, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். கூரையில் இருந்த புகை அலாரம் வீடு அதிர அலறியது. மாப்பிள்ளை மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவர், ஓடிவந்து துண்டை எடுத்து அலாரத்துக்குக் கீழே விசிறினார். "பரவாயில்லை அத்தை, எங்களுக்கும் நடந்திருக்கு" என்றார். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி ஆனது. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டியவை, அதனால் நெருப்பு விஷயத்தில் விளையாட முடியாது. அதிலிருந்து, சட்டி வைப்பதற்கு முன்னாலேயே அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனை முழு வேகத்தில் போட்டு, பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் தாளிப்பு. மிக்ஸிக்கும் நேரம் வைத்துக்கொண்டோம். மகள் தன் மீட்டிங் நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவாள். அது இல்லாத நேரத்தில்தான் சட்னி.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் வலித்தது. சும்மா இருக்கிறோமே என்று ஒருநாள் அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, என் வசதிக்கு மாற்றி அடுக்கினேன். மறுநாள் காலை ஏழரைக்குப் பேத்திக்கு டப்பா கட்டுகிற அவசரத்தில் மகளுக்கு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. "அம்மா, இது என் அடுப்படிம்மா" என்றாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் அதிகமாகப் பட்டது. இரண்டு நாள் சரியாகப் பேசாமல் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. என் வீட்டில் என் மாமியார் கரண்டியை இடம் மாற்றி வைத்தபோது எனக்கும் இதே கோபம் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தோம்.

ஆனால் இதற்கெல்லாம் அடியில் இருந்தது வேறு. காலை எட்டரைக்கு வீடு அடங்கிவிடும். அவர்கள் வேலையை முடித்து நிமிர மாலை ஐந்தரை. வெளியே போக வேண்டுமென்றால் அவர்கள் காரை எடுக்க வேண்டும். அதனால் சனிக்கிழமைக்காகக் காத்துக் கிடப்போம். சனிக்கிழமை அவர்களுக்கு ஒரு வாரத் துணியும் கடை வேலையும் இருக்கும். அதற்கு நடுவிலும் பாவம், எங்களை ஏதாவது ஒரு அருவிக்கோ ஏரிக்கோ கூட்டிக்கொண்டு போவார்கள். களைத்துப்போய்த் திரும்புவார்கள். நாம் வந்ததே இவர்களுக்குப் பாரமோ என்று எனக்கு உறுத்தும்.

வழியைக் கண்டுபிடித்தது வீட்டுக்காரர்தான். தெருமுனை தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் பி லைன் என்று ஒரு சிவப்பு பஸ் போகிறது. பெல்வியூவையும் ரெட்மண்டையும் இணைக்கிற பஸ். 65 வயது ஆனவர்களுக்குச் சலுகை அட்டை உண்டு, டிக்கெட் ஒரு டாலர்தான். பாஸ்போர்ட்டைக் காட்டி இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம். 18 வயது வரை பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து இலவசம், அதனால் பேத்திக்குக் காசே இல்லை. முதல்முறை ஏறும்போது எனக்கு முழங்கால் வலி, படியைப் பார்த்துத் தயங்கி நின்றேன். டிரைவர் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெரிய பஸ் என் பக்கமாகச் சாய்ந்து குனிந்து, படி நடைபாதைக்கு நேராக வந்து நின்றது. ஒருத்தருக்காக ஒரு பஸ் குனிவதை நான் அதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

அதில் ஏறி கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்துக்குப் போவோம். அங்கே ஒரு மால். உள்ளே தரையிலேயே பெரிய சதுரங்கக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ராஜா, ராணி எல்லாம் குழந்தை உயரத்துக்கு இருக்கும், நடந்துபோய்த் தூக்கி நகர்த்த வேண்டும். ரஷ்யமொழி பேசுகிறவர்கள், சீனர்கள், நம் ஊர்க்காரர்கள் என்று எல்லா நாட்டுப் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்காரர் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார், இரண்டாம் வாரம் ஆட ஆரம்பித்தார். ஆடுவதற்குப் பேச்சே தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றைய ஆட்டத்தை மாப்பிள்ளையிடம் விவரிப்பார். அதுவரை அவர்கள் இருவருக்கும் வானிலையைத் தவிரப் பேச ஒன்றும் இருந்ததில்லை.

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டார்கள், செப்டம்பர் ஆரம்பத்தில்தான் திறப்பு. நடுவில் வருகிற பத்து வாரம்தான் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பெரிய கவலை. கோடை முகாம்களுக்கு வாரக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். "நாங்க பாத்துக்கிறோம்" என்றோம். ஏழு வயதுப் பேத்தி, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அதைத் திருத்த நான் முயலவில்லை. என்னோடு பஸ்ஸில் வரும்போது, நிறுத்தத்தின் பெயரைக் கேட்டு எனக்குச் சொல்லுவது அவள் பொறுப்பு. பாதையைத் தெரிந்தவள் என்ற தோரணையில் அவளே, "அம்மாச்சி, அடுத்ததுல இறங்கணும்" என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். நூலகத்தில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் எத்தனை நிமிடம் படிக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் திட்டம் இருந்தது. தமிழில் படித்தாலும் கணக்கா என்று இவளே போய்க் கேட்டாள். கணக்குதான் என்றார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன கதைப் புத்தகங்கள் அப்படித்தான் திறக்கப்பட்டன.

பேத்தியை விளையாடக் கூட்டிக்கொண்டு போகிற பார்க்கில், ஒரு பெஞ்சில்தான் சீனப் பாட்டி ஒருவரைப் பார்த்தேன். அவரும் பேரனோடு வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கும் நாலு வார்த்தைதான். பேத்தியைக் காட்டி, ஒரு கை ஐந்து விரலும் மறு கை இரண்டு விரலும் நீட்டி ஏழு வயது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பேரனைக் காட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டி, நடுவில் உள்ள மூன்றையும் மடக்கிக் காட்டினார். போன் நம்பர் கேட்கிறார் என்று நினைத்துப் பையிலிருந்து போனை எடுத்தேன். இல்லை இல்லை என்று கையசைத்து மறுபடியும் அதையே காட்டினார். பேரனே ஓடிவந்து, தனக்கு ஆறு வயது என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. அவர்கள் ஒரே கையில் ஆறைக் காட்டுகிற முறை அது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு. அவர் தன்னைத் தொட்டு ஆறும் எட்டும் காட்டினார். நான் ஆறையே இரண்டு தரம் காட்டினேன். இரண்டு பேரும் கை கொட்டிச் சிரித்தோம்.

அன்றிலிருந்து மழை இல்லாத நாளெல்லாம் காலை பத்து மணிக்கு அந்தப் பெஞ்ச். ஆகஸ்டில் அங்கே நடைபாதை ஓரம் எல்லாம் பிளாக்பெரி காய்த்துத் தொங்கும். யாரும் நட்டது இல்லை, களை மாதிரிப் பரவிய முள்செடி. அவர் குடையின் வளைந்த பிடியால் கிளையை இழுத்துப் பிடிப்பார், நான் பறிப்பேன். கையெல்லாம் முள் கீறல், விரலெல்லாம் ஊதாக் கறை. கறுத்த பழமெல்லாம் இனிப்பதில்லை, தொட்டதும் தானாகக் கையில் விழுவதுதான் இனிப்பு என்று எடுத்துக் காட்டியது அவர்தான். மூன்றாம் வாரத்தில் காட்டுத்தீப் புகை வந்து வானம் மங்கிப்போனது, சில நாள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. புகை விலகி, தூரத்தில் ரெய்னியர் பனிமலை மறுபடி தெரிந்த அன்று பெஞ்சில் அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் மட்டும். எத்தனை நாள் தங்கலாம் என்பது விசாவில் இருக்கும் தேதி இல்லை, அங்கே போய் இறங்கும்போது அதிகாரிகள் போடுகிற ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும் தேதிதான். இறங்கியதும் பிள்ளைகளிடம் சொல்லி எடுத்துப் பாருங்கள். மருந்தை முழு நாட்களுக்கும் டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக அனுமதி இல்லை, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதோடு வந்துவிடும் என்பதால்.

நாங்கள் திரும்பிய பிறகு நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதோடு வித்தியாசம் பதின்மூன்றரை மணி நேரம் ஆனது. பேத்திக்கு எட்டு முடிந்த வாரம், எங்களுக்குத் திங்கள் காலை ஏழரை, அவளுக்கு ஞாயிறு மாலை ஆறு, வீடியோவில் வந்தாள். மழை விட்டிருந்ததாம், பார்க்குக்குப் போனாளாம். சீனப் பாட்டி பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தட்டிக் காட்டி, எங்கே என்று கையை விரித்தாராம். இவள் மேலே விமானம் போகிற மாதிரிக் காட்டினாளாம். "அப்புறம் என் பர்த்டேவைச் சொன்னேன் அம்மாச்சி" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கேமராவுக்கு நேரே நீட்டினாள்.