புதுப்பிப்பு: அம்மா அப்பாவோடு ஜப்பானியர் கல்லறைப் பூங்கா

ஜப்பானின் ஒசாகாவுக்குச் சுற்றுலா கிளம்பும் முன் அப்பா அம்மாவை, இங்கே சிங்கப்பூரில் ஹவ்காங் பக்கம் இருக்கும் ஜப்பானியர் கல்லறைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமா என்று போன வாரம் உங்களிடம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். "ஊருக்குப் போகும்போது சுடுகாடா?" என்று முறைத்த அம்மாதான் கடைசியில் நகரவே மாட்டேன் என்றார்.

சுவான் ஹோ அவென்யூவில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. 1891-இல் தொடங்கியது, 900-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அப்பாவுக்குப் பிடித்தது ஒட்டோகிச்சியின் நினைவிடம். 1832-இல் புயலில் சிக்கி, ஓராண்டுக்கு மேல் பசிபிக்கில் மிதந்து அமெரிக்கக் கரை சேர்ந்த மாலுமி. சொந்த நாடே திரும்பச் சேர்க்கவில்லை. 1867-இல் சிங்கப்பூரில் இறந்தார்.

அம்மா நின்றது முழங்கால் உயரம்கூட இல்லாத கற்களிடம். வறுமையில் விற்கப்பட்டு இங்கே பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட 'கராயுகி-சான்' பெண்களுடையவை. அவர்களைப் புதைக்கத்தான் பாலியல் விடுதி முதலாளி ஒருவர் தன் ரப்பர் தோட்டத்தில் இடம் கொடுத்தார். முதலாளியின் தாராள மனசு, என்ன சொல்ல!

அப்புறம், கொசு மருந்து கொண்டுபோகச் சொன்னவருக்கு நன்றி. நாங்கள் மறந்துவிட்டோம்.